ஏழு காதுப் பெட்டி

"இது ஸ்பீக்கர் இல்ல சார். உங்க வீட்டுல இன்னொரு ஆள்," என்றான் சிவநேசன்.

"வாடகையில பங்கு குடுக்குமா?" என்று கேட்டாள் ரூபினி.

சுங்கைப் பட்டாணி நகரக் கடைவீதியில் சிவநேசனின் கைப்பேசிக் கடை குளிரூட்டியின் தயவில் பிணவறைபோல் சில்லிட்டிருந்தது. கண்ணாடி மேடைமேல் அந்தச் சாமான் வீற்றிருந்தது. ரப்பர் மரத்துப் பால் பிடிக்கும் மங்கு ஒன்றைக் கவிழ்த்து அதற்குக் கறுப்புச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி உருவம். விலைச்சீட்டை மட்டும் சிவநேசன் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். மரியாதை தெரிந்தவன்.

ஜூலியஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காப்புறுதி நிறுவனத்தில் பொய் இழப்பீட்டுக் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவன், இப்போது பாக்கார் ஆராங் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தனியார் துப்பறிவாளன் என்று பலகை மாட்டியிருக்கிறான். ரூபினி அவனுடைய உதவியாளர், அவளுக்கு அவன் 'போஸ்', முதலாளி. அவனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"எங்க அண்ணன் வீட்டுல தனியா இருக்காரு. பேச்சுத் துணைக்கு ஒண்ணு வேணும்," என்றாள் ரூபினி. ஜூலியஸை அண்ணன் என்றது வேஷம். தனிமை மட்டும் பொய் இல்லை.

"சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க! பொண்டாட்டியவிட நல்லா சொன்ன பேச்சு கேட்கும் சார்," என்று சிவநேசன் சிரித்தான்.

ஜூலியஸ் விரலிலிருந்த மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் மனைவி சமந்தா இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை.

சிவநேசனைத் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. பீடோங்கில் சிவநேசனின் மாமனார் குழந்தைவேலு இறந்துபோனார். நாளைக்குக் கருமாதி. அவர் மனைவி பாப்பம்மா கழுத்திலிருந்து இறக்கிய தாலிக்கொடியைச் சாமி அறையில் ஒரு பித்தளைச் சொம்பில் போட்டு வைத்திருந்தார்கள். சொம்பு இருக்கிறது, கொடி இல்லை. பழி மருமகள் ஷாரன் தலையில் விழுந்தது. அவள் வேதக்காரப் பெண். உறவில் பாதிப் பேருக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது. மீதிப் பேருக்கு இந்த மாதிரிச் சாமான் ஒன்று சாட்சி சொன்னது.

இதே மாதிரி ஒன்றை மாமனார் வீட்டுக்கு அன்பளிப்பாக வாங்கிக் கொடுத்தவன் சிவநேசன். செவ்வாய்க்கிழமை மாலை கருமாதி விஷயமாக எல்லாரும் ஐயரைப் பார்க்கக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஷாரன் மட்டும். சாமி அறைப் பக்கமே போகவில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். ஆனால் சிவநேசன் தன் கைப்பேசியைத் திறந்து காட்டினான். ஸ்பீக்கர் பிடித்து வைத்திருந்த ஒலிப்பதிவு, அன்றைய தேதி, அந்தி நேரம், இடம் 'ஹால்'. ஷாரனின் குரல்: "பிரேயர் ரூம் லைட், ஆன்."

நாளை கருமாதித் தாம்பாளத்தில் கொடி இல்லையென்றால் ஷாரன் தன் அம்மா வீட்டுக்கே போய்விட வேண்டும். தீர்ப்பு வழங்கியவள் நாத்தனார் பிரேமாவதி, சிவநேசனின் மனைவி. ஷாரன் தன் தேவாலயத்துக்கு வரும் ஜூலியஸிடம் ஓடி வந்தாள்.

"இதுல என்னென்ன நல்லது இருக்கு, சொல்லுங்க," என்று ரூபினி வலக்கையை விரித்தாள். "நல்லது இந்தக் கை. கெட்டது அந்தக் கை. எது முந்துதோ அதுப்படி முடிவு."

"ஏழு மைக். குசுகுசுன்னு பேசினாலும் கேட்கும்."

வலக்கையில் ஒரு விரல் மடங்கியது. "ஏழு காது இருந்தும் தமிழ் தெரியாதே?" இடக்கையில் ஒன்று மடங்கியது.

"சவுண்ட் சுவத்த அளந்து அறைக்குத் தகுந்த மாதிரி வரும். எந்தக் குரல் யாருதுன்னு கண்டுபிடிக்கும். லைட்டு, காத்தாடி, கேட்டு எல்லாம் வாயால சொன்னா போதும்."

"எங்க அண்ணன் வாயத் திறக்கறதே மாசத்துக்கு ஒரு தடவ லா. அப்ப ஒரு நாளைக்குத்தான் லைட்டு எரியும்." இடக்கையில் இன்னொன்று மடங்கியது. "நம்ம பேசுனத என்ன பண்ணும்?"

"எல்லாம் பத்திரமா வச்சிருக்கும். எப்ப வேணும்னாலும் எடுத்துக் கேட்கலாம்," என்றான் சிவநேசன் பெருமையாக.

"இது நல்லதா கெட்டதா?"

"யாரு கேட்கறாங்கங்கறதப் பொறுத்தது," என்றான் ஜூலியஸ். அன்று அவன் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

ரூபினி குனிந்து, ஆங்கிலத்தில், விளக்கை அணைக்கும்படி சாமானிடம் சொன்னாள். அதன் தலையில் நீல வளையம் சுழன்றது. விமானப் பணிப்பெண்ணின் பணிவோடு அது பதில் சொன்னது: மன்னிக்க வேண்டும், ஹாலில் விளக்கு எதுவும் இணைக்கப்படவில்லை.

ரூபினி நிமிர்ந்தாள். நாலாபுறமும் கைப்பேசி உறைகள் தொங்கும் கடை. ஹால் என்று சொல்ல அங்கே ஒரு நாற்காலி போடும் இடம்கூட இல்லை.

சிவநேசனின் கை முந்திக்கொண்டு பிளக்கைப் பிடுங்கியது. "டெமோ பீஸ் லா. கொஞ்சம் மண்டக் கோளாறு."

"அப்ப கோளாறு இல்லாதது குடுங்க. அதோ," என்று ரூபினி பின்னால் உயரத் தட்டைக் காட்டினாள். ஒரே ஒரு பெட்டி. அட்டைமேல் தூசு படிந்திருந்தது. மூடியை ஒட்டிய டேப் மட்டும் பளபளவென்று புதுசு.

சிவநேசனின் சிரிப்பு அரைக்கணம் நின்று மறுபடி ஓடியது. "அது புக்கிங் ஆயிடுச்சும்மா. கோலாலம்பூர்லருந்து வேற எடுத்துத் தரேன். அடுத்த வாரம் வாங்க. இன்னிக்குச் சாயங்காலம்கூட நான் இருக்க மாட்டேன், மாமனார் வீட்டுக்கு நாற்காலி இறக்கணும். கடையில வொய்ஃப்தான் இருப்பா."

அரை மணி நேரமாக ஒரு சாமானை அவர்கள் தலையில் கட்டத் துடித்தவன், அதைக் கேட்டதும் விற்க மாட்டேன் என்கிறான். ஜூலியஸ் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

காரில் ஏறியதும் ரூபினி இயந்திரத்தை முடுக்கினாள். "போஸ், வியாபாரி சாமான விக்க மாட்டேங்கறான். நம்ம நாட்டுல இதுக்கு என்ன செக்ஷன்?"

ஜூலியஸ் கைப்பேசியைத் திறந்தான். ஷாரனின் கணவன் திவாகரன் அனுப்பிய அந்த ஒலிப்பதிவு மேலே இருந்தது. அதற்குக் கீழே சமந்தாவின் பெயர், ஒரு பழைய குரல்செய்தி. அதை அவன் தொடுவதில்லை. மேலே இருந்ததை அழுத்தி, சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினான்.

"பிரேயர் ரூம் லைட், ஆன்."

அந்தக் குரலுக்குப் பின்னால், தரையைக் கிழவன் ஒருவன் செருப்பால் தேய்த்ததுபோல ஏதோ ஒன்று. ரூபினி ஓரமாக வண்டியை நிறுத்தினாள். மறுபடி போட்டான். இருமல். இரண்டு சின்னதாக, பிறகு ஒன்று நீளமாக, தொண்டையைச் சுரண்டிக்கொண்டு.

"ஆம்பள," என்றாள் ரூபினி.

"ம்."

"வீட்டுல தனியா இருந்தேன்னு சொன்னா. சாமி ரூம் பக்கம் போகலன்னு சொன்னா. இப்ப லைட்டும் போட்டிருக்கா, பக்கத்துல ஓர் ஆளும் இருமறான்." அவள் வண்டியைக் கிளப்பினாள். "நம்ம கிளையண்டே நமக்கு ரீல் ஓட்டியிருக்கா போஸ். ஏழு காது கேட்ட பிறகு நம்ம ரெண்டு காத யாரு மதிப்பா?"

பீடோங் வரை செம்பனைத் தோட்டங்கள் இருபுறமும் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தன.

குழந்தைவேலுவின் வீடு டவுன் ஓரத்து வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் ஷாரன் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் துணிப்பை. நாளைக்குப் போக வேண்டியவள் இன்றைக்கே மூட்டை கட்டிவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை உன்கூட யாரு இருந்தா?" என்றான் ஜூலியஸ்.

"யாரும் இல்ல அண்ணே. நான் பின்னால துணி துவைச்சேன். நடுவுல சிவநேசன் அத்தான் வந்து வாழத்தார் வச்சிட்டுப் போனாரு. முன்பக்கம் சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான்."

"பதிவுல ஓர் ஆம்பள இருமறான்."

ஷாரன் விழித்தாள். இப்படி நடிக்கத் தெரிந்திருந்தால் அவள் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் கணினிச் சில்லு சோதிக்கும் வேலைக்குப் போயிருக்க வேண்டியதில்லை. "எனக்குத் தெரியாது அண்ணே. அவங்க கடையில போட்டுக் காட்டுனப்போ எல்லாரும் கத்துனாங்க. நான் என் குரல மட்டுந்தான் கேட்டேன்."

"இப்ப கேளு," என்று ஜூலியஸ் கைப்பேசியை எடுத்தான்.

"ஏய்! யாருடா அது?" உள்ளிருந்து பாய்ந்தது குரல். வெள்ளைச் சேலையில் பாப்பம்மா நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். "கருமாதி முடியற வரைக்கும் இந்த வீட்டுல டீவி இல்ல, ரேடியோ இல்ல, ஒரு சத்தமும் கூடாது. போன உள்ள வை."

அவள் பின்னால் திவாகரன் நின்றான். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்று நின்று தூண் மாதிரி ஆகிவிட்ட ஆள்.

"ஆயா, பாட்டு இல்ல. பேச்சுதான்," என்றாள் ரூபினி.

"அந்த மிஷின்ல வந்தா எல்லாம் ஒண்ணுதான். என் மகளும் மருமகனும் வந்து போட்டுக் காட்டறேன்னாங்க. முடியாதுன்னுட்டேன்."

ஜூலியஸ் ஹாலைப் பார்த்தான். சுவரோரமாக ஒரு வெள்ளை வேட்டி விரித்துப் போர்த்தியிருந்தது. அதற்குள் ஒரு பெரிய மேடு, பக்கத்தில் ஒரு சின்ன மேடு. தொலைக்காட்சியும் அதன் குட்டியும் போல.

"ஆயா, அந்த ஸ்பீக்கர் எப்படி? எங்க அண்ணன் ஒண்ணு வாங்கறதா இருக்காரு. நல்லது கெட்டது சொல்லுங்க," என்று ரூபினி இரண்டு கையையும் விரித்தாள்.

பாப்பம்மா இதற்காகவே காத்திருந்தவள்போல் இடுப்பில் கைவைத்தாள். "நல்லதா? சோறு கேட்காது. அது ஒண்ணுதான். மத்தபடி நான் தமிழ்ல கேட்டா 'சாரி'ங்கும். எம் புருஷன் கேட்டாலும் 'சாரி'. நாய்க்குட்டியக் கூப்பிட்டாகூட வால ஆட்டும். இது எங்க வீட்டுல உக்காந்துகிட்டு எங்க பேச்சே புரியாதுங்குது. இப்பத்தான் நிம்மதி. வாயே திறக்கல."

ரூபினியின் வலக்கைக் கணக்கில் இன்னொன்றும் இடக்கையில் இன்னும் இரண்டும் சேர்ந்தன.

"ஏன் திறக்கல?" என்றான் ஜூலியஸ்.

"பாடற சாமான்தானே? அவரு உடம்பு வாசலத் தாண்டறதுக்கு முன்னாடியே டீவியோட சேர்த்து அதையும் புடுங்கிட்டேன்."

ஜூலியஸ் உள்ளே போய் வேட்டியின் ஓரத்தைத் தூக்கினான். ஸ்பீக்கரின் ஒயர் சுருட்டி, பழந்துணிக் கிழிசலால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. முடிச்சுமேல் தூசு. ஏழு காதும் அடக்கம் நடந்த அன்றே அடைபட்டுப் போயிருந்தன.

"அம்மா, இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றான் திவாகரன்.

"எங்கிட்ட எப்பக் கேட்ட? நீ அந்த டப்பாவத்தானே கேட்ட."

திவாகரன் தலை குனிந்துகொண்டான். ஆனாலும் அவனுக்குச் சந்தேகம் விடவில்லை. "சார், அன்னிக்கு ஒரு நிமிஷம் யாராச்சும் சொருகிட்டுத் திரும்ப எடுத்திருந்தா?" யாராச்சும் என்று சொல்லும்போது அவன் ஷாரனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததை ஷாரன் பார்த்தாள்.

முடிச்சுமேல் இருந்த தூசு ஜூலியஸுக்குப் போதும். சொந்தக்காரர்களுக்குப் போதாது. அந்த இருமலைத் தெரிந்தவர் யாராவது வேண்டும். இந்த வீட்டில் அதை இன்னும் கேட்காத ஒரே ஆள் பாப்பம்மாதான்.

"அம்மா, ஒரு தடவ கேட்டாப் போதும்," என்றான் ஜூலியஸ் பாப்பம்மாவிடம்.

"வீட்டுக்குள்ள கூடாது தம்பி."

"வீட்டுக்குள்ளதானே ஆயா?" என்றாள் ரூபினி. "எங்க காடி ரோட்டுல நிக்குது. ரோடு நகராட்சிக்காரனுது. அவன் வீட்டுல யாரும் சாகல."

நீதிபதி மாதிரிப் பாப்பம்மா அதை எடை போட்டாள். பிறகு செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள்.

காரின் முன் இருக்கையில் அவள் விறைப்பாக உட்கார்ந்தாள். ஜூலியஸ் ஓட்டுநர் இருக்கையிலிருந்து கதவை மூடச் சொன்னான். திவாகரனும் ஷாரனும் சன்னலோரம் நின்றார்கள், ஆளுக்கொரு பக்கமாக.

"பிரேயர் ரூம் லைட், ஆன்."

இரண்டு சின்னது. ஒன்று நீளமாக.

பாப்பம்மாவின் கை தன்னையறியாமல் வெறுங்கழுத்துக்குப் போனது.

"அவருதான்," என்றாள்.

"யாரும்மா?" என்றான் திவாகரன்.

"உங்கப்பன்டா. பால்வெட்டுக் காட்டுல புடிச்ச இருமல். ரெண்டு குட்டி, ஒரு பெருசு. ராத்திரி பூரா என் காதுகிட்ட." அவள் மகன் பக்கம் திரும்பினாள். "நீயும்தானே இதக் கேட்ட? உனக்குத் தெரியலையா?"

திவாகரன் கார்ச் சன்னலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து கேட்ட இருமல். அதனால்தான் அது அவன் காதில் விழுவதை நிறுத்தி வெகுகாலமாகியிருந்தது.

ஷாரன் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமாவால எழுந்திரிக்க முடியாது. சாயங்காலமானா ஹால்ல உக்காந்துகிட்டு, 'சாமிக்கு லைட்ட போடச் சொல்லும்மா, நான் சொன்னா இது கேட்காது'ம்பாரு. நான்தான் சொல்லுவேன். அது பழைய பதிவு. மாமா இருந்தப்போ எடுத்தது."

சொல்லிவைத்தாற்போல் சிவநேசனின் வேன் வந்து நின்றது. பிளாஸ்டிக் நாற்காலிகளோடு இறங்கியவன் ஜூலியஸைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினான். "சார், ஸ்பீக்கர் வேணும்னா கடைக்குத்தான வரணும்?"

"ஒரு சந்தேகம்," என்றான் ஜூலியஸ் இறங்கி. "கடையில இருக்கறது ஏன் தன்னை ஹால்னு நினைச்சுக்குது?"

சிவநேசன் நாற்காலியைக் கீழே வைத்தான்.

"வாழத்தார் வைக்க வந்தீங்க. ஷாரன் பின்னால இருந்தா. கொடிய எடுத்துட்டுக் கடைக்குப் போனீங்க. ரெண்டு ஸ்பீக்கரும் உங்க கணக்குல, பழைய பதிவெல்லாம் உங்க கையில. மாமனார் இருந்தப்போ ஷாரன் பேசினத எடுத்து, உங்க போன்லருந்து கடை ஸ்பீக்கருக்குப் போட்டுக் காட்டினீங்க. புதுத் தேதியோட புதுப் பதிவு வந்துடுச்சு. அந்தக் கடை ஸ்பீக்கர் பேர ஹால்னு மாத்துனீங்க. திரும்ப மாத்த மறந்துட்டீங்க."

"கதை விடாதீங்க லா! மிஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லாது. உங்க மாமனாரையும் சேர்த்துப் புடிச்சு வச்சிருக்கு. செத்தவரு செவ்வாய்க்கிழமை எப்படி இருமுனாரு?"

சிவநேசன் பாப்பம்மாவைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் திரும்பிக்கொண்டான். "நான் எதுக்குக் கொடிய எடுக்கணும்? எனக்கென்ன பவுனுக்குப் பஞ்சமா?"

"இல்ல. பவுனுக்குன்னா இந்நேரம் அடகுக் கடையில இருந்திருக்கும். ஷாரன் போனா திவாகரனும் பின்னாலயே போவாரு. அப்புறம் இந்த வீடு யாருக்கு?"

"ஆதாரம்? கொடி எங்க? காட்டுங்க பாப்போம்!"

ரூபினி ஏற்கனவே கடைக்கு அழைத்துக் கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள். இப்போது அதை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். "அக்கா, காலையில ஸ்பீக்கர் பார்த்துட்டுப் போனோமே. மேல் தட்டுல ஒரு பெட்டி இருக்குல்ல? தூசு இருக்கும், டேப்பு மட்டும் புதுசு. அதத் திறந்து பாருங்க, உள்ள சாமான் சரியா இருந்தா இப்பவே வரோம்."

"இரும்மா, எடுக்கறேன்," என்றது பிரேமாவதியின் குரல். விற்பனை நடக்கப் போகிற மகிழ்ச்சி அதில் இருந்தது.

"பிரேமா, தொடாத!" என்று சிவநேசன் கத்தினான்.

டேப் கிழியும் சத்தம். ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

"அம்மா கொடி," என்றாள் பிரேமாவதி, மெதுவாக. அப்புறம் மெதுவாக இல்லை. "எம் புருஷன் அங்கதான் இருக்காரா?"

"இருக்காரு அக்கா."

"புடிச்சு வைங்க. வரேன்."

திவாகரன் நடந்து போய் வேனின் சாவியை உருவிக்கொண்டான். அந்த வாரத்தில் அவன் தானாகச் செய்த முதல் காரியம் அதுவாக இருக்க வேண்டும். சிவநேசன் தான் கொண்டு வந்த நாற்காலிகளில் ஒன்றிலேயே உட்கார்ந்தான்.

திவாகரன் வாசலிலிருந்த துணிப்பையை எடுக்கக் குனிந்தான். ஷாரன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நானே எடுத்துக்கறேன்," என்றாள். அவனை அன்றைக்கு மன்னிப்பதாக இல்லை.

"ஷாரன்," என்று காருக்குள்ளிருந்து பாப்பம்மா கூப்பிட்டாள். "பைய உள்ள கொண்டு போய் வை. நாளைக்குத் தாம்பாளம் நீதான் எடுக்கணும்."

"அத்த, சொந்தக்காரங்க..."

"அவங்க என்னா வேணும்னாலும் பேசட்டும். அவருக்குச் சாமி விளக்குப் போட்டது நீ."

ஷாரன் உள்ளே போனாள். பாப்பம்மா காரை விட்டு இறங்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலியஸ் குனிந்து பார்த்தான்.

"தம்பி," என்றாள். "அத இன்னொரு தடவ போடு."

அவன் கைப்பேசியை அவள் மடியில் வைத்தான். "மேல இருக்கறத அழுத்துங்க. கீழ இருக்கறத வேணாம்."

அவள் அவன் முகத்தையும், பிறகு விரலிலிருந்த மோதிரத்தையும் பார்த்தாள். ஜூலியஸ் கண்ணாடியை ஏற்றி, கதவை மூடிவிட்டு ரூபினியிடம் வந்து நின்றான்.

ரூபினி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். இடக்கையில் நான்கு விரல் மடங்கியிருந்தது, வலக்கையில் இரண்டு.

"போஸ்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "இத எந்தக் கையில எண்ணுறது?"

காருக்குள் கிழவியின் விரல் திரையைத் தொட்டது. கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் தொட்டாள்.

"எண்ணாத," என்றான் ஜூலியஸ்.